மூன்றாவது வீட்டுக் குப்பை

ஓசூர் சிப்காட்டுக்கு எதிரே நாராயணம்மா கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில், மூன்றாவது வீட்டிலிருந்து வேண்டாமென்று வெளியே போட்ட எதுவும் விடிவதற்குள் அந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், ஊருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எண்பத்து மூன்றில் மூர்த்தியும் பேச்சியம்மாளும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு அங்கே குடிவந்தார்கள். மூர்த்திக்குக் கம்பெனியில் லேத் வேலை. லைனில் எல்லோரையும்போலப் பேச்சியம்மாளும் வெங்காயத் தோலையும் காலிப் பால் கவரையும் பின்பக்க ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தாள். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் அடுப்படியில் கிடந்தது. நாயின் வேலை என்று நினைத்தார்கள். எந்த நாய் பூட்டிய கதவுக்குள் வரும்? மூர்த்தி ஒரு மூட்டையைப் பஸ்ஸில் எடுத்துப்போய் சூளகிரி தாண்டிப் போட்டுப் பார்த்தான். அவன் வீடு வந்து சேருவதற்குள் மூட்டை வந்திருந்தது, அதுவும் டிக்கெட் இல்லாமல்.

நாற்றம் தாங்காமல் நாராயணம்மாவே ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். தெலுங்குக்காரி, கோபம் வந்தால் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் திட்டுவாள். "குப்ப போச்சுன்னா நீங்க இருங்க. இல்லாட்டி வீட்ட காலி பண்ணுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

"நான் என்னக்கா செய்யட்டும்? கொட்டிட்டுத்தான் வாரேன், அது வந்திருதே" என்றாள் பேச்சியம்மாள். காலி பண்ணிப் போவதற்கு இடம் ஏது? அந்த வருஷங்களில் ஓசூரில் மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்டார்கள், அதற்கும் ஆள் வரிசையில் நின்றது. இந்தக் கூரை போனால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். ஊரில் மழையும் இல்லை, நிலமும் இல்லை.

ஆகவே அந்த வீட்டில் வேண்டாதது என்று ஒன்று இல்லாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வழி இல்லாமல் போயிற்று. பேச்சியம்மாள் பால் கவரை நிறுத்திவிட்டுச் செம்போடு பால்காரர் வீட்டுக்கே போனாள். தோலும் சக்கையும் போட வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினாள். அதில் போட்டது திரும்பவில்லை, மண்ணாகி, மண்ணில் பூசணி முளைத்தது. அரிசி கழுவிய தண்ணீர் நாராயணம்மாவின் எருமைக்குப் போயிற்று, குளித்த தண்ணீர் வாய்க்கால் பிடித்து வாழைக்குப் போயிற்று. கிழிந்த பனியன் கரித்துணி ஆனது, கரித்துணியும் நைந்தபிறகு அடுப்புத் திரி ஆனது. பாத்திரத்துக்குச் சாம்பலும் தேங்காய் நாரும். சந்தைக்குத் துணிப்பை, கறிக்கடைக்குத் தூக்குச்சட்டி. பீஸ் போன பல்புக்கு மட்டும் ஒரு உபயோகமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் இன்னொரு பல்பு பீஸ் போகாமலிருக்க இருட்டிலேயே உட்காரப் பழகிக்கொண்டார்கள். மூர்த்தி வீசியெறிந்த சவர பிளேடெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வாசப்படியில் வரிசையாக நின்றதைப் பார்த்து, மனுஷன் அன்றோடு தாடி வளர்த்துவிட்டான். மற்ற வீடுகளின் குப்பை திரும்பவில்லை, அதனால் அவர்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஏரிக்கரை வருஷத்துக்கு வருஷம் உயர்ந்தது, ஏரி சுருங்கியது. மூன்றாவது வீடுதான் லைனிலேயே சுத்தமான வீடு என்று நாராயணம்மா புதுக் குடித்தனக்காரர்களுக்குக் காட்டுவாள்.

மூர்த்திக்குத்தான் அலுத்துப்போயிற்று. ஒரு பீடித்துண்டைக்கூட நிம்மதியாகத் தூக்கிப்போட முடியாத வீடு என்று தலையில் அடித்துக்கொள்வான். தொண்ணூற்றொன்றில் போச்சம்பள்ளிப் பக்கம் வேலை கிடைத்தது. பேச்சியம்மாள் புளிசாதம் கட்டிக் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்று வழியனுப்பினாள். முதலில் வாரம் ஒருமுறை வந்தான், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு வரவில்லை. அவனாகப் போனவன், யாரும் வெளியே போட்டதில்லை. வீடு அவனைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அவனை ஒருத்தியோடு பார்த்ததாக லைனில் ஒருவர் சொன்னார். மழமழவென்று சவரம் பண்ணியிருந்தானாம், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை தொங்கிற்றாம். பேச்சியம்மாளுக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல மனசு மரத்துப்போயிருந்தது. ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு கட்டும் வேலைக்குப் போனாள், வாடகை கொடுத்தாள், குழியில் தோலைப் போட்டாள்.

தொண்ணூற்றைந்தில் நாராயணம்மா கட்டிலோடு படுத்தாள். மகன் சின்னராஜ் லைனை இடித்துக் கடை கட்டக் கிளம்பினான். மற்றவர்கள் அட்வான்சை வாங்கிக்கொண்டு போனார்கள். பேச்சியம்மாள் போக இடமில்லை என்றாள். அவன் அவள் சாமானைத் தெருவில் வீசினான், அவளைத் தோளைப் பிடித்து வாசப்படிக்கு அந்தப் பக்கம் தள்ளினான், கதவைப் பூட்டினான், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மதுரை பஸ்ஸில் உட்கார வைத்து டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தான். அவள் எதிர்க்கவில்லை. கிருஷ்ணகிரி தாண்டியதும் தூங்கிப்போனாள். கண்ணைத் திறந்தபோது தன் பாயில் கிடந்தாள், பாத்திரமெல்லாம் அலமாரியில் இருந்தது. இடிக்கும் ஆட்களோடு வந்த சின்னராஜுக்கு உள்ளேயிருந்து குரல் கேட்டது: "வெளிய பூட்டியிருக்கு தம்பி, வாழைக்குத் தண்ணி விடணும்." அவன் லேசுப்பட்டவனா? மறுபடியும் வெளியே தள்ளி, இந்தத் தடவை கூடவே சேலம் வரை போய் விட்டுவிட்டு வந்தான். அவன் திரும்பி வந்து பார்த்தபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"விட்றா. அந்த வீடு அவள விடாது" என்றாள் நாராயணம்மா.

 சின்னராஜ் அந்த ஒரு வீட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் கடை கட்டினான். சைக்கிள் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் அந்த வீடும் வாழையும் நிற்பதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீடு அவளைச் சேலத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்த மறுநாள், எருமைக்குக் கழனித்தண்ணீர் கொண்டுபோன பேச்சியம்மாள் நாராயணம்மாவின் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷமாக வராத அழுகை அன்றைக்கு வந்தது. "போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புனேனேக்கா" என்றாள். "கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கணும். விடியுமுன்ன வந்திருப்பாரே."