பதினோரு அறிகுறிகள்

பாதி நேரம் கழிந்தபோது முரோய் நான்காவது அறிகுறியையும் இல்லை என்று குறித்துக்கொண்டான். மனதுக்குள்தான். எதிரில் இருந்த பெண் ஹொகாரி, மரியாதையாகச் சொன்னால் ஹொகாரிசான், சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேசும்போதும் சன்னல், அவள் பேசும்போதும் சன்னல்தான். வெளியே பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஜப்பானின் நீகாட்டா ரயில் நிலையத்தின் பின்பக்கம், வாடகைக் கார்கள், ஞாயிற்றுக்கிழமை மழை.

இருவரையும் சந்திக்க வைத்தது திருமணத் தகவல் மையம். அவனுக்கு ஓர் ஆலோசகர், அவளுக்கு வேறோர் ஆலோசகர். முதல் சந்திப்பு ஹோட்டல் தேநீர்க்கூடத்தில், ஒரு மணி நேரம். தொலைபேசி எண் கேட்கக் கூடாது. மறுநாள் மதியம் ஒரு மணிக்குள் இருவரும் தனித்தனியாகத் தங்கள் பதிலைப் பதிவுசெய்ய வேண்டும். ‘தொடரலாம்’ அல்லது ‘வேண்டாம்’. இரண்டு பக்கமும் தொடரலாம் என்றால்தான் எண் கிடைக்கும்.

அறிகுறிகள் பதினொன்றும் மையத்திலேயே கொடுத்தவை. ஆண் உறுப்பினர்களுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு நடந்தது. எதிரில் இருப்பவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு தாள். கண் பார்க்கிறதா, உடம்பு உங்கள் பக்கம் சாய்கிறதா, கால்கள் உங்களை நோக்கியா வாசலை நோக்கியா, கைப்பை மடியிலா பக்கத்திலா, உள்ளங்கை திறந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா, சிரிப்பு உடனே வருகிறதா. அவனுடைய ஆலோசகர் நகுமோ, தானே இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்ட பெண், அப்போதே சொன்னார்.

“முரோய்சான், இது பயந்தாங்கொள்ளிகளுக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும்னு கொடுக்கிற தாள். நீங்க பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சிடாதீங்க.”

அவன் அப்படித்தான் படித்தான்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. மனைவி சிஹோ இறந்து மூன்று வருடம். அந்தக் கோடையில் அவள் அடிக்கடி விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொள்வாள். என்ன என்று கேட்டால், “ஒன்னுமில்ல, வெயில்தான்” என்பாள். அவன் நம்பினான். சோறு வைக்கும்போது கை அங்கே இருந்தது. தொலைக்காட்சி பார்க்கும்போதும் அங்கேதான் இருந்தது. வெயில் போய் இலையுதிர்காலம் வந்த பிறகும் இருந்தது. கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது மருத்துவர் அவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, வலி எப்போதிலிருந்து என்பது. அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு யார் வாயால் சொன்னதையும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடம்பு சொல்வதைத்தான் பார்த்தான்.

அதனால்தான் பார்த்துக்கொண்டே இருந்தான். மேசைக்கு அடியில் ஹொகாரிசானின் கால்கள். சாம்பல் நிறச் செருப்பு, புதுசு. கால் இரண்டும் சன்னல் பக்கம் திரும்பியிருந்தன. இதோடு ஐந்து ‘இல்லை’.

வந்ததும் இருக்கையிலேயே ஒரு சின்ன இழுபறி. உள்பக்கத்து மெத்தை இருக்கையைப் பெண்ணுக்குக் கொடுப்பதுதான் முறை. அவன் கையை நீட்டினான்.

“நீங்க உள்ள உட்காருங்க.”

“இல்ல, நீங்க உட்காருங்களேன். எனக்கு இந்த நாற்காலியே போதும்.”

“அது எப்படி? தயவுசெஞ்சு.”

“நிஜமாவே எனக்கு இதுதான்...”

“தயவுசெஞ்சு உட்காருங்க.”

அவள் கூடத்தின் நடுவில் இருந்த பியானோவை ஒரு முறை பார்த்தாள். வாசித்துக்கொண்டிருந்த பெண் பக்கம் புரட்டினாள். “அப்ப சரி” என்று ஹொகாரிசான் உள்ளே போய் உட்கார்ந்தாள். பியானோ அவளுக்கு வலப்பக்கம் வந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்ததுமே முகம் இடப்பக்கம், சன்னலுக்குத் திரும்பிவிட்டது.

ஆனால் பேச்சு நன்றாகத்தான் போனது. அதுதான் அவனுக்குக் குழப்பமாக இருந்தது.

அவள் ஒரு தொடக்கப் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாளர்.

“நானூத்தி அறுபது பிள்ளைங்க. அதுல நானூறு பேருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது.”

“மீதி அறுபது?”

“அவங்க பொய் சொல்றாங்க.”

அவன் சிரித்துவிட்டான். தன் சிரிப்பைக் கேட்டு அவனுக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது.

“பாலத்தைத் தட்டிப் பார்க்கிற வேலைன்னு உங்க விவரத்துல போட்டிருந்துச்சே. சுத்தியலாலயா?” என்றாள் சன்னலைப் பார்த்தபடி.

“ஆமா. நீளக் கைப்பிடி வச்ச சின்னச் சுத்தியல்.”

“பாலம் கோவிச்சுக்காதா?”

“இதுவரைக்கும் இல்ல.”

ஒரு நொடி கழித்துச் சிரித்தாள். அவன் என்ன சொன்னாலும் சிரிப்பு அந்த ஒரு நொடி தாமதமாகத்தான் வந்தது. மரியாதைக்கு வரவழைத்த சிரிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

“உள்ள பழுதுன்னு எப்படித் தெரியும்?”

“சத்தம் மாறும். நல்ல கான்கிரீட் கிண்ணுன்னு கேட்கும். உள்ள விட்டுப்போயிருந்தா பொத்துன்னு விழும்.”

“தட்டிக் காட்டுங்க.”

அவள் உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவன் கரண்டியின் அடியால் மேசையில் இரண்டு தட்டு தட்டினான். அவள் கையை எடுக்காமல் கொஞ்சம் அழுத்தினாள்.

“இது நல்ல பாலம்” என்றாள்.

கை கவிழ்ந்தே இருந்தது. ஒன்பதாவது ‘இல்லை’.

ஒரு மணி நேரம் முடிந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அவள் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். “இன்னிக்கு நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை பேசணும்னு இருக்கு. சத்தமில்லாத இடமா இருந்தா இன்னும் நல்லது.”

“எனக்கும்தான்” என்று குனிந்து வணங்கினான். எல்லாரும் சொல்வது. இதற்கு முன் சந்தித்த நான்கு பெண்களும் மின்தூக்கிக்கு முன்னால் இதையேதான் சொன்னார்கள். மறுநாள் மதியம் நால்வரும் வேண்டாம் என்றார்கள்.

நிலையத்துக்கு நடந்து போகும் வழியில் பசித்தது. கடையில் இரண்டு சோற்று உருண்டை வாங்கி நின்றபடியே தின்றான். இன்னொன்று வாங்கலாமா என்று யோசித்தான். நேரமாகிவிட்டதே என்று சாப்பிட்டுப் பழகியவனுக்கு அது புதிதாக இருந்தது.

திங்கட்கிழமை ஷினானோ ஆற்றின் ஒரு கிளைமேல் இருந்த பாலத்துக்கு அடியில் வேலை. பன்னிரண்டரைக்குத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை எடுத்தான். பதினொன்றில் இரண்டுதான் ‘ஆம்’. அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. இவன் தொடரலாம் என்று போட்டு அவள் வேண்டாம் என்று போட்டால், அவளுடைய ஆலோசகர் மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்பு எழுத வேண்டும். அவளுக்கும் சங்கடம். இரண்டு பேருமே வேண்டாம் என்றால் யாருக்கும் ஒன்றுமில்லை. அந்தச் சங்கடத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தான். அப்படி நினைத்ததில் தன் பயமும் பாதி இருந்ததை அவன் அப்போது பார்க்கவில்லை.

வேண்டாம் என்பதை அழுத்தினான்.

ஒன்று பத்துக்கு நகுமோ கூப்பிட்டார்.

“முரோய்சான், எங்க இருக்கீங்க?”

“பாலத்துக்கு அடியில.”

“உட்காருங்க. நின்னுக்கிட்டுக் கேட்கிற விஷயம் இல்ல இது. உங்களுக்கு அவங்களைப் பிடிக்கலையா?”

“அப்படி இல்ல.”

“அப்புறம்?”

“அவங்களுக்குத்தான் பிடிக்கல.”

“யார் சொன்னா?”

அவன் தலைக்கவசத்தின் வாரை இழுத்து விட்டான்.

“ஹொகாரிசான் காலையில ஒன்பது மணிக்கே தொடரலாம்னு போட்டுட்டாங்க. ஒன்பது மணிக்கு! மத்தவங்க மாதிரி ஒரு மணி வரைக்கும் இழுக்கல. நீங்க என்னத்தைப் பார்த்தீங்க?”

“ஒரு மணி நேரமும் சன்னலையே பார்த்துட்டு இருந்தாங்க. என் முகத்தைப் பார்க்கவே இல்ல. கைப்பை மடியில. கால்...”

“அந்தத் தாளா?” என்றார் நகுமோ. “அடக் கடவுளே, அந்தத் தாளா?”

அந்தப் பக்கம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தார். மூன்று மணிக்குத் திரும்பக் கூப்பிட்டபோது குரலில் கேலி இல்லை.

“அவங்களுக்கு இடது காது கேட்காதாம். பதினாலு வயசுல ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் போயிடுச்சு. வலது காதாலதான் எல்லாம். நேத்து அந்த வெளிப்பக்க நாற்காலி கிடைச்சிருந்தா பியானோ செவிட்டுக் காதுப் பக்கம் போயிருக்கும், உங்களை நிம்மதியாப் பார்த்துப் பேசியிருக்கலாம். நீங்க பெரிய மரியாதையா உள்ள தள்ளிட்டீங்க. உங்க பேச்சு பியானோவுல போயிடக் கூடாதுன்னு நல்ல காதை உங்களுக்குக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. அதனாலதான் முகம் அந்தப் பக்கம். கழுத்து வலிச்சுதாம்.”

முரோய் ஆற்றைப் பார்த்தான்.

“இன்னொன்னு. நீங்க அவங்க காலையே குனிஞ்சு குனிஞ்சு பார்த்தீங்களாமே. புதுச் செருப்பு கடிச்சுக்கிட்டு இருந்துச்சாம். அதைக் கவனிச்சுட்டாரு, சொன்னா நமக்குக் கூச்சமா இருக்கும்னு சொல்லாம இருக்காருன்னு நினைச்சாங்களாம். அவங்க ஆலோசகர்கிட்ட அதைத்தான் முதல்ல சொன்னாங்க.”

“நகுமோசான், மாத்த முடியுமா?”

“மாத்த முடியாது. பதில் அந்தப் பக்கம் போயாச்சு. ஒரே ஒரு தடவை கோரிக்கை அனுப்பலாம், அதுக்கு அவங்க சம்மதிக்கணும். நாலு வரிக்கு மேல எழுதக் கூடாது. ஆனா ஒன்னு சொல்றேன். காது விஷயத்தை அவங்க ஆலோசகர் எங்கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டாங்க. நான் உங்ககிட்ட சொல்லிட்டேன். அவங்க யாருக்கும் சொல்லச் சொல்லல.”

நான்கு வரி எழுத மூன்று நாள் ஆனது. முதலில் சிஹோவைப் பற்றி எழுதினான். அடித்தான். பிறகு இருக்கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டு எழுதினான். அதையும் அடித்தான். காதைக் குறிப்பிடாமல் எழுதினால் பொய்யாக இருந்தது. குறிப்பிட்டு எழுதினால் வேறு மாதிரிப் பொய்யாகத் தெரிந்தது. கடைசியில் அனுப்பியது இது:

‘அன்று நீங்கள் நன்றாக இருந்தது என்று சொன்னதை நான் நம்பவில்லை. தவறு என்னுடையது. உங்கள் காதைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சத்தமில்லாத இடத்தில் இன்னொரு முறை சந்திக்க விரும்புகிறேன்.’

பதில் வரும் வரை எதிலும் மனம் நிற்கவில்லை. தட்டிய இடத்தையே திரும்பத் தட்டினான். மூன்று வருடமாக எதற்காகவும் அவன் இப்படிக் காத்திருந்ததில்லை. இந்த ஒன்று வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் நகுமோ கூப்பிட்டார்.

“அவங்க சொன்னதை எழுதி வச்சிருக்கேன். அப்படியே படிக்கட்டுமா?”

“படிங்க.”

“‘முரோய்சான் மேல எனக்குக் கோபம் இல்ல. அன்னிக்குப் பேசினது நிஜமாவே பிடிச்சிருந்துச்சு. காது விஷயத்தை ரெண்டாவது தடவை பார்க்கும்போது நானே சொல்லணும்னு வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு அவர் வேண்டாம்னு சொன்னாரு. புதன்கிழமை வேணும்னு எழுதுறாரு. நடுவுல அவருக்குப் புதுசாத் தெரிஞ்சது என் காது ஒன்னுதான். இனிமே அவர் எனக்காகச் சத்தமாப் பேசும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். அதனால வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க.’ அவ்வளவுதான்.”

முரோய் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“அது அப்படி இல்லன்னு சொல்லணும்.”

“எப்படி இல்ல?”

“முன்னாடியே பிடிச்சிருந்துச்சு. அன்னிக்கே.”

“பிடிச்சிருந்தும் வேண்டாம்னு அழுத்தினீங்களா?”

“ஆமா.”

“நான் நம்புவேன்” என்றார் நகுமோ. “உங்களை எனக்கு ஒரு வருஷமாத் தெரியும், எவ்வளவு பெரிய முட்டாள்னு. அவங்களுக்கு ஒரு மணி நேரம்தான் தெரியும். அந்த ஒரு மணி நேரத்துல பிடிச்சிருக்குன்னு அவங்களுக்குத் தெரியற மாதிரி ஏதாவது சொன்னீங்களா?”

அவன் யோசித்தான். பாலத்தைப் பற்றிச் சொன்னான். சுத்தியலைப் பற்றிச் சொன்னான். மின்தூக்கிக்கு முன்னால், எனக்கும்தான் என்றான்.

“இல்ல.”

“இதுக்கு மேல என்னால ஒன்னும் செய்ய முடியாது, முரோய்சான். இன்னொரு தடவை எழுதினா புகார் ஆயிடும்.” பிறகு, “நாகஓகாவுலருந்து ஒரு பொண்ணோட விவரம் வந்திருக்கு. உங்க வயசுதான். அனுப்பட்டுமா?”

“இந்த மாசம் வேண்டாம்.”

“அடுத்த மாசம்?”

“தெரியல.”

“சரி” என்றார் நகுமோ. “ஹொகாரிசானோட விவரப் பக்கம் இன்னிக்கு அஞ்சு மணிக்கு உங்களுக்கு மூடிடும். பார்க்கணும்னா அதுக்குள்ள பாருங்க.”

அவன் அப்போது பார்க்கவில்லை. பாலத்தின் நான்காவது தூண் பாக்கி இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்தான். இடையில் இரண்டு முறை கையுறையைக் கழற்றினான், இரண்டு முறையும் திரும்பப் போட்டுக்கொண்டான். அவள் படத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஐந்தாக ஏழு நிமிடம் இருக்கும்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. திறந்தான். ஆற்றோரத்தில் சமிக்ஞை பலவீனம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கரையேறி மேட்டுக்கு ஓடினான். மேட்டில் நின்றபோது பக்கம் திறந்தது. இந்த உறுப்பினரின் விவரம் தற்போது பார்வைக்கு இல்லை என்று ஒரு வரி. மணி ஐந்து ஒன்று.

கீழேயிருந்து கூட்டாளி கத்தினான், அடுத்த தூணுக்குப் போகலாமா என்று.

“போகலாம்” என்றான் முரோய்.