கூலியாக வந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்து வெகுநாளாகிவிட்டது. உள்ளே பின்னிக் கிடக்கும் ஒயர்களுக்கு நேராக மேஜை விசிறியைத் திருப்பி வைத்தால்தான் அது எழுந்திருக்கும். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் விசிறியைத் தூக்கிவந்து வைப்பது பெயின்டரின் பொறுப்பு. சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் துலக்கி, குளித்து, டீயும் குடித்து முடிப்பான். அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"பெரியவர் முழிச்சிட்டாரா?" என்று கம்ப்யூட்டரை விசாரித்துப் பக்கத்து வீட்டிலிருந்து அவன் அக்கா குரல் கொடுப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

"கண்ணத் தொறந்துட்டாரு அண்ணி. இன்னும் எந்திரிச்சு உக்காரல" என்பாள் பெயின்டரின் மனைவி.

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்த குறிப்புகளைக் கேட்டு டைப் அடித்து அனுப்புவது அவள் வேலை. எங்கே வலித்தது, எங்கே வெட்டினார்கள், எப்படித் தைத்தார்கள் என்பதெல்லாம் அவள் காது வழியாகப் போய்த்தான் எழுத்தாகும். காதில் ஹெட்போன், காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு மிதி. மிதித்தால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார்.

"பெரிய பெரிய டாக்டரையெல்லாம் காலாலயே நிறுத்தி வைக்கிறவ என் தம்பி பொண்டாட்டி" என்று அக்கா தான் சமைக்கிற ஆஸ்பத்திரி கேன்டீனில் சொல்லிக்கொண்டு திரிவாள். பெயின்டரும் சாரத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கும்போது கூட்டாளிகளிடம் அவளைப் பற்றித்தான் பேசுவான். "கீழ குனிஞ்சு பாக்கமாட்டாடா. விரல் அதுபாட்டுக்கு ஓடும்." நாலு மாடிச் சுவரைத் தனியாளாக அடித்து முடித்ததைக்கூட அவன் இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு அவன் தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள்ளிருந்து டப்பென்று ஒரு சத்தம். ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. திரை கறுத்தது. மனைவியின் கைகள் கீபோர்டுமேல் அப்படியே இருந்தன.

"பக்கத்துல தட்டிப் பாருங்க" என்றாள்.

தட்டினான். விசிறியை இன்னும் கிட்டத்தில் நகர்த்தினான். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினான். அதற்குள் அக்கா கரண்டியும் கையுமாக வந்து, குனிந்து மோந்து பார்த்தாள்.

"பெரியவர் போய்ச் சேந்துட்டாரு. ஆகவேண்டியதப் பாருங்க."

மூன்று பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றிய மனைவி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு குழந்தைக்குச் செய்த ஆபரேஷன் பற்றிய குறிப்பு பாதியில் உள்ளேயே மாட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் அனுப்பாவிட்டால் அதற்குக் காசு கிடையாது.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி சூப்பர்வைசர் போனில் வந்தார். மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், உங்க மெஷினால தினமும் லேட்டாகுது. இப்ப அதுவும் போச்சா? சரி, ஒண்ணு பண்ணலாம். கம்பெனியே லேப்டாப் குடுக்கும். மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்குவோம். ரெண்டு வருஷத்துக்கு வேற எங்கயும் போகமாட்டேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷம் முடிஞ்சா அது என்னோடதாயிடுமா சார்?"

"அதெப்படி? கம்பெனி சொத்து. திருப்பிக் குடுத்துடணும்."

"அப்ப வேணாம் சார். நானே வாங்கிக்கிறேன்."

"தாராளமா. மாசக் கடைசிக்குள்ள வரலன்னா உங்க கணக்க மூடிடுவோம். வரிசையில ஆள் நிக்குது."

எதை வைத்து வாங்கப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்த பெயின்டர், கேட்காமல் விழுங்கிவிட்டான். நானே வாங்கிக்கிறேன் என்று அவள் சொன்னபோது குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "வா, கடைக்குப் போய்க் கேட்டுட்டு வருவோம்."

கடைத்தெருக் கோடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில், கடைக்காரர் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதற்கு உதிரி பாகமே இப்போது வருவதில்லை என்றார். புதியவற்றின் விலையைச் சொன்னபோது இருவரும் வேண்டாமென்று தலையாட்டினார்கள். ஓர் ஆபீஸிலிருந்து திரும்பி வந்த, அதிகம் புழங்காத மெஷின் ஒன்று இருந்தது. அதன் விலையும் எட்டாத தூரம்தான். இருந்தாலும் கடைக்காரர் அதை எடுத்து வைத்துப் பட்டனைத் தட்டினார். மனைவி நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை விழித்துக்கொண்டு காத்திருந்தது. அவள் நாலு வரி அடித்துப் பார்த்தாள். விரல் போகிற வேகத்துக்கு எழுத்தும் கூடவே ஓடிவந்தது. அவள் முகம் அப்படி மலர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பெயின்டருக்குத் தோன்றியது. அதைப் பார்த்துக்கொண்டே நிற்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினான்.

திரும்பின இடத்தில் சுவர் இருந்தது. அலமாரிக்குப் பின்னால் சுண்ணாம்பு கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. விரல் முட்டியால் தட்டினான். உள்ளே பொக்கென்று கேட்டது.

"சார், ஈரம் உள்ள எறங்கியிருக்கு. நீங்க என்ன பெயின்ட் அடிச்சாலும் ஆறு மாசத்துல உரிஞ்சுடும். பெட்டியெல்லாம் பூஞ்சை பிடிக்குமே?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாப்பா. ரெண்டு பேர் அடிச்சுக் காசு வாங்கிட்டுப் போனதுதான் மிச்சம்."

"பழசச் சுரண்டி எடுத்து, பூச்சு வச்சு, கடை முழுக்க நான் அடிச்சுத் தர்றேன். சாமான் உங்களுது. கூலி வேணாம். அந்த மெஷினக் குடுத்துடுங்க."

கடைக்காரர் யோசித்தார். மாடியில் இருக்கும் தன் வீட்டையும் சேர்த்து அடிப்பதானால் சரி என்றார். பெயின்டர் மேலே போய் அறைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கை நீட்டினான்.

வெளியே வந்ததும் மனைவி, "மேஸ்திரி என்ன சொல்லுவாரோ" என்றாள். மேஸ்திரி சொன்னது சுருக்கம்தான்: நாளைக்கு வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். பெயின்டர் அதற்கும் சரி என்றுவிட்டான். அக்காதான் பதறினாள். பிறகு அவளே, "சரி, அடுப்பு என் வீட்டுல எரியட்டும். நீங்க ரெண்டு பேரும் வேலையப் பாருங்க" என்றாள்.

கூட ஒரு கையாள் இல்லாமல் அந்த வேலை நடக்காது. கையாளுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. மனைவி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, அவனுடைய பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டு சுரண்டுகத்தியை எடுத்தாள். முதல் நாள் தூசி அவள் மூக்கிலும் இமையிலும் அப்பியது. இரண்டாம் நாள் உள்ளங்கை கொப்புளித்தது. பெயின்டர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். அது எப்போதோ காய்த்துப்போனது. "விரல மட்டும் பத்திரமா வச்சுக்க" என்று சொல்லி, துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றிவிட்டான்.

"ஆபரேஷனுக்குப் போற டாக்டர் மாதிரி இருக்கேன்" என்று அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஏணிமேல் இருக்கும்போது சூப்பர்வைசர் மறுபடி கூப்பிட்டார். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சுரண்டுவதை நிறுத்தாமல் பேசினாள்.

"என்ன மேடம் சத்தம் அது?"

"கம்ப்யூட்டர் வாங்கிட்டிருக்கேன் சார்" என்றாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பெயின்டர் சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது.

கடையும் வீடும் முடிந்த அன்று கடைக்காரர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, மாடிப்படிச் சுவர் ஒன்றுதான் பாக்கி, அதையும் இழுத்துவிட்டால் மெஷினை எடுத்துப் போகலாம் என்றார். பெயின்டருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பேசினது என்ன, கேட்பது என்ன என்று எகிறப் போனவனின் முழங்கையை மனைவி பிடித்தாள்.

"அடிச்சுத் தர்றோம் சார். எங்க தெருவுல அடிக்கடி கரன்ட் போகும். கரன்ட் போனாலும் மெஷின் அணையாம இருக்க ஒரு பேட்டரிப் பெட்டி மூலையில கிடக்கே, அதையும் சேத்துக் குடுத்துடுங்க."

கடைக்காரர் அவளைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், பிறகு மாடிப்படியைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்கிட்டயே பேசி முடிச்சிருக்கலாம்போல" என்றார்.

மறுநாள் மாலை மெஷினைத் தோளில் ஏற்றி, பேட்டரிப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு பெயின்டர் முன்னால் நடந்தான். மானிட்டரைக் குழந்தையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு மனைவி பின்னால் வந்தாள். வண்டி வைத்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம். ஆனால் தெரு முழுக்க நடந்து வருவதில்தான் அவனுக்கு ஆசை. கேட்டவர்களுக்கெல்லாம், "கடன் கிடையாது, தவணை கிடையாது. எங்க கூலி இது" என்று நின்று நின்று சொன்னான்.

மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. மறுநாள் காலையில் அவள் கம்பெனிக்கு எழுதினாள். சூப்பர்வைசர் உடனே போனில் வந்தார். இந்தத் தடவை குரலில் குழைவு.

"நல்ல மெஷின் மேடம். பழசுல இந்த சாஃப்ட்வேர் ஓடாது, அதான் உங்களுக்குப் போடாம இருந்தோம். இப்பப் போட்டாச்சு. ஓரத்துல ஒரு கடிகாரம் தெரியுதா? கை ஓடிட்டிருந்தா பச்சை. நின்னா சிவப்பு. சிவப்பு நேரத்துக்குக் காசு பிடிச்சுக்குவோம். அப்புறம், மெஷின் வேகமாயிடுச்சு இல்ல, அதனால உங்க ரேட்டையும் மத்தவங்க ரேட்டுக்குக் கொண்டுவந்துட்டோம்."

"மத்தவங்க ரேட்டு கம்மியா சார்?"

"கொஞ்சம். வேகமா அடிச்சா சமமாயிடும்."

"டாக்டர் பேச்ச நிறுத்திட்டு இருமிக்கிட்டே இருந்தா நான் எத சார் அடிக்கிறது?"

"அவர் இருமுறதுக்கெல்லாம் கம்பெனி காசு குடுக்க முடியாது மேடம்."

அவள் போனை வைத்தாள். பெயின்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை; மேஸ்திரி சொன்னபடியே அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டிருந்தார். அவள் ஹெட்போனை மாட்டி, மிதியில் காலை வைத்தாள். திரையோரத்தில் கடிகாரம் பச்சையானது.

சாயங்காலம் கேன்டீன் வேலை முடிந்து அக்கா தன்னோடு சமைக்கிற பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் கதவோரம் நெருக்கியடித்து நின்றார்கள்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

மனைவி திரும்பாமலே தலையை மட்டும் ஆட்டி அவர்களை வரவேற்றாள். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொப்புளம் உடைந்த இடத்தில் இன்னும் துணி சுற்றியிருந்தது. சுவர் எப்படி இருந்தது, பேரம் எப்படிப் படிந்தது, பேட்டரிப் பெட்டியை அவள் எப்படிக் கேட்டு வாங்கினாள் என்று பெயின்டர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருத்தி கிட்டப் போய்த் திரையைத் தொடாமல் விரலை நீட்டி, "அந்தப் பச்சை என்ன, அழகா இருக்கு?" என்று கேட்டாள்.

பெயின்டர் ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினான்.

மேஜை ஓரத்தில் காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருப்பதைப் பெயின்டர் அப்போதுதான் கவனித்தான். மனைவியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தொண்டையை நனைக்க எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். ஒரு கணம் விரல் தயங்கியது, பச்சை மங்கியது, விரல் மறுபடி ஓடியது.

அவன் டம்ளரை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்தான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்தாள்.

"கொடுத்து வச்சவடி இவ. புருஷன் தண்ணிய வாயில ஊத்துறான் பாரு" என்று கதவோரம் ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தண்ணீர் மனைவியின் முகவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, ரவிக்கையை நனைத்தது. துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.