மழைக்கு மூடும் ஜன்னல்

மழை பட்டால் தானாக மூடிக்கொள்ளும் ஜன்னல் ஒன்றைச் செய்தேன். மின்சாரம் வேண்டாம். கொக்கிக்குள் ஒளிந்திருக்கும் சிறு மரத்துண்டு நனைந்து உப்பியதும் கொக்கி விலகும். தூக்கம் வந்த இமை போலக் கதவு தன் கனத்திலேயே மெல்லக் கீழே இறங்கும்.

காப்புரிமை வக்கீலம்மா ஃபோனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இங்க மனு போட்ட தேதி ஒரு வருஷத்துக்கு மத்த நாடுகள்லயும் செல்லும். அதுக்குள்ள அங்கயும் போட்டுட்டா எவனும் கை வைக்க முடியாது. ஆனா மனு போடுறதுக்கு முன்னாடி வெளியில வந்துட்டா போச்சு, யார் வேணா செய்யலாம்."

என் பயமெல்லாம் என்னைக் கட்டிய வீட்டுக்காரர் மேல்தான். என் பட்டறையில் மரம் இழைப்பவர். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

"வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்," என்றேன்.

அதிசயமாக, கோடை முழுவதும் மூச்சு விடவில்லை. வானமும் ஒரு சொட்டு விடவில்லை.

மனுவை முடிக்க வக்கீலம்மா நேரில் வந்த மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஜன்னல் சத்தமில்லாமல் மூடியது. அவர் சிரித்தபடி வாசலுக்கு வந்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. அடுத்து தையல்காரரின் மாடி. பிறகு பள்ளிக்கூடம். சாம்பல் நிற மழைக்குள் தெருவே ஒவ்வொரு கண்ணாக மூடி உறங்கப் போனது. கோபப்படக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீங்க எத்தனை செஞ்சீங்க?" வக்கீலம்மா மெல்லக் கேட்டார்.

"ஒண்ணு."

உளியைத் துடைத்தபடி வீட்டுக்காரர் வந்து நின்றார். முகமெல்லாம் பெருமை.

"எல்லாருக்கும் மாட்டிக் கொடுத்தேன்," என்றார். "யாரு கண்டுபிடிச்சதுன்னு மட்டும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."