வாடகைக்கு ஒருத்தர்

"அம்மா, தூங்கிட்டியா?"

"எங்க தூங்க விடறே? என்னடி சில்வண்டு, சாப்பிடும்போது வாயே திறக்கல?"

ஓயாமல் பேசுகிறாள் என்று அப்பா வைத்த பெயர் அது. அவள் போர்வைக்குள் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஸ்கூலுக்கு ஒழுக்கத்துறை ஆளுங்க வந்தாங்கம்மா. என்னைத் தனியா கூப்பிட்டாங்க."

அம்மா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

ஒருத்தரையொருத்தர் கல்யாணம் செய்துகொள்ளாத ஆணும் பெண்ணும் குடும்பம் நடத்தினால் ஆணுக்குச் சிறை, பிள்ளைக்கு விடுதி என்று புதுச் சட்டம் வந்திருந்தது. புருஷன் சம்மதிக்காமல் விவாகரத்து கிடையாது என்பதும் அதே சட்டம்தான். அம்மாவை அடித்துத் துரத்திய முதல் புருஷன் சம்மதிக்கவே இல்லை. இப்போது அம்மாவோடு வாழும் இந்த லிஃப்ட் மெக்கானிக்தான், மகள் நடை பழகிய நாளிலிருந்து அவளுக்கு அப்பா.

"என்ன சொல்லித் தொலைச்சே?"

"'வீட்ல யார் யார் இருக்கீங்க கண்ணு'ன்னு அந்தம்மா ரொம்ப அன்பா கேட்டாங்க. அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு தோணிச்சு. அம்மாவும் நானும்தான், சின்ன ரூம்ல வாடகைக்கு ஒருத்தர் இருக்கார்னு சொல்லிட்டேன். அவரை எப்படிக் கூப்பிடுவேன்னாங்க. சார்னு சொன்னேன்."

"அடிப்பாவி!"

சத்தம் கேட்டு அப்பா வந்து விளக்கைப் போட்டார். விஷயம் தெரிந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அம்மா அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து ஒரு படத்தை உருவினாள். இருவரும் புது உடையில் கல்யாண ஜோடியாக நின்றார்கள். நாளைக் காலையில் வீட்டுக்கு வருவதாக நோட்டீஸ் அனுப்பியிருந்த அதிகாரிகளிடம் காட்டுவதற்காகப் போன வாரம் ஸ்டுடியோவில் எடுத்தது.

"இவகிட்ட சொல்லிடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். உளறிடுவா, வேண்டாம்னீங்க. மீசைக்கு மை அடிச்சு மாப்பிள்ளையா நின்னதுதான் மிச்சம்!"

"நான் தப்பா சொல்லிட்டேன்னு நாளைக்குச் சொல்லிடட்டுமாப்பா?"

"வேண்டாம்மா. அப்புறம் உன்னையில்ல பிடிப்பாங்க? நீ சொன்னதே இருக்கட்டும்."

"நாம வாழறது பிடிக்கலைன்னா மூஞ்சியத் திருப்பிட்டுப் போகவேண்டியதுதானே," அம்மாவின் குரல் உயர்ந்தது. "அவங்களுக்குப் பிடிக்கலைங்கறதுக்காக ஜெயிலா?"

"மெதுவா. கீழ்வீட்டுக்குக் கேட்கும்."

அம்மா படத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்தாள். அப்பாவின் சட்டைகள், சவரப்பெட்டி, செருப்பு எல்லாம் உடைந்த மின்விசிறியும் பழைய பெட்டிகளும் அடைந்து கிடந்த சின்ன அறைக்குப் போயின.

அப்பா அவள் எதிரில் வந்து நின்றார்.

"இப்போ கூப்பிடு பார்ப்போம்."

அவள் உதடு பிரிந்தது. "அப்..."

"போச்சு! நாளைக்கு இப்படி வாய் தவறினா எல்லாரும் மாட்டுவோம். யாரோ ஒருத்தன்னு நினைச்சுக்கிட்டுக் கூப்பிடு."

"சார்."

"அழாம."

தெருவில் ஏதோ வண்டி வந்து நின்றது. அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். அது கிளம்பிப் போனது.

"சார்," என்றாள். இந்தமுறை குரல் பிசிறவில்லை.

"அவ்வளவுதான்," என்றார் அவர். அவள் தலையைத் தடவ நீண்ட கையை இழுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.