தட்டினால் விட வேண்டும்

டம்ளர் தரையில் உருண்டு நிற்கும்வரை வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை.

"ஒரு டம்ளரை ஒழுங்கா வைக்கத் துப்பில்ல!" என்றான் மகன்.

மருமகள் குனிந்து, சிந்திய தண்ணீரை இடது கையால் துடைத்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதுதான் சமயம் என்று மாமியார் பேச்சை எடுத்தாள்.

"ஏம்ப்பா, வேலை முடிஞ்சு தனியாத்தான வர்றா? தற்காப்புக்கு ஏதாச்சும் கத்துக்கட்டுமே?"

அவன் தாராளமாகச் சிரித்தான். "கத்துக்கட்டும்மா. காலம் கெட்டுக் கிடக்கு. கண்ட நாயும் கை வைக்கும்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது பயிற்சிக்கூடம். தரை முழுக்க நீல மெத்தை, போகாத வியர்வை வாடை. மாஸ்டர் ஒரு பெண். மருமகளின் மணிக்கட்டை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"கராத்தே வேணாம், குத்தும்போது இந்த எலும்பு அதிரும். ஜூடோன்னா விழுந்து விழுந்து எழணும். ஜுஜுட்சுல பிடியை விடுவிக்கிறத மட்டும் முதல்ல எடுத்துப்போம். மெதுவா செஞ்சா அடிபடாது."

"புடிக்கிறவனுக்கு?" என்றாள் மாமியார். "அவனுக்கு எதுவும் ஒடிஞ்சிடாதே?"

மாஸ்டர் சிரித்துவிட்டாள். "ரோட்டுல வம்பு பண்றவன் மேல என்னம்மா இவ்ளோ அக்கறை! தைலம் தடவி அனுப்பிடுவோமா?"

மாமியார் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பெற்ற வயிறு.

"இங்க ஒரே சட்டம்தான்," என்று மாஸ்டர் மருமகளிடம் திரும்பினாள். "வலிச்சா மெத்தையில தட்டு. எதிராளி உடனே விட்டுடணும்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவே விட்டுடுவாங்களா?"

மாஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "கை எப்படி ஒடிஞ்சுது?"

"பாத்ரூம்ல வழுக்கி..."

ஆஸ்பத்திரியிலும் எதிர்வீட்டிலும் அந்தப் பொய்யை முதலில் சொன்னவள் மாமியார்தான். குடும்ப மானம் என்று அதற்குப் பேர்.

"வழுக்கல," என்றாள் இப்போது. "எம்புள்ள முறுக்கினான்."

"அத்தை!"

மாஸ்டர் மூலையில் நின்ற மாணவியைக் கூப்பிட்டாள். "வாம்மா, இவங்க நல்ல கையைப் புடி."

"அந்தப் பொண்ணு வேணாம். நான் புடிக்கிறேன்."

மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி மெத்தையில் ஏறினாள். மருமகளின் இடது கையைப் பின்பக்கம் வளைத்து, கட்டைவிரலை நரம்பில் ஊன்றிப் பிடித்தாள்.

மருமகள் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "இதே புடிதான்... கதவு சாத்தியிருந்துச்சே அத்தை, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் புடிச்சு நான் பாக்கலடி. அவங்கப்பா என்னைப் புடிச்சாரு, அவன் பக்கத்துல நின்னு பாத்தான்." அவள் பிடியை இன்னும் இறுக்கினாள். "ம், உதறு. பாவம் பாக்காத."