நாற்பது மீட்டர் வரைக்கும்

"அந்த அடுப்பத் தொடாதேன்னு சொன்னேன்ல!"

கொன்ராட் கத்தி முடிப்பதற்குள் அவர் அக்கா ஆக்னெஸ் அதை ஆப்பிள் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அடுப்பு அது. மூன்று பேருக்குப் பனியை உருக்கித் தேநீர் போட்டுத் தரும். அதைப் போலவே கயிறு, பனிக்கோடரிகள், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள், நாள்வாரியாக நறுக்கிப் பொட்டலம் கட்டிய பாலாடைக்கட்டி, எடை குறைக்கப் பாதிக் காம்பை வெட்டியெறிந்த பல்துலக்கி என்று முன்னறைத் தரை முழுக்கச் சாமான்கள் மூன்று வரிசையாகக் கிடந்தன. ஒரு வரிசை எல்மாருக்கு, ஒன்று கெர்ட்டிக்கு, ஒன்று கொன்ராடின் மனைவி ரோஸ்விதாவுக்கு. மூவரும் போகவிருந்த மலைப் பயணத்துக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோஸ்விதாதான் பரப்பி வைத்தாள். இன்று திங்கள். வரிசைகளின் தலைமாட்டில், இரண்டு முக்காலிகளின் மேல், சவப்பெட்டியில் அவள் படுத்திருந்தாள்.

"ஆறு மணிக்கு ஊர் சனம் ஜெபமாலைக்கு வருது. இந்த ஓட்டை உடைசல் மேலயா எல்லாரும் முழங்கால் போடுவாங்க?"

"ஓட்டை உடைசலா? ஒவ்வொண்ணும் கிராம் கணக்குல எடை போட்டு வச்சது."

"எடை போட்டவளே போயிட்டாளேடா" என்ற ஆக்னெஸ், சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, நீ உக்காரு. காலைலேர்ந்து குட்டி போட்ட பூனை மாதிரி அலையறே."

கொன்ராட் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. தொழுவம் வரை போனார், திரும்பி வந்தார். ஜன்னலைச் சாத்தினார். பிணம் இருக்கும் அறை சில்லென்று இருக்க வேண்டும் என்று ஆக்னெஸ் மறுபடி திறந்தாள்.

அவர் பள்ளத்தாக்கின் பேருந்து ஓட்டுநர். வாழ்நாளில் ஒரு மலை ஏறியதில்லை. தேவாலய மணிக்கூண்டில் ஏறினாலே முழங்கால் நடுங்கும் ஆள். ரோஸ்விதா வருடத்துக்கு நான்கைந்து தடவை, நண்பர்களோடு பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டைகளைக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் நான்கு நாள் என்று மலைகளுக்குள் போய்விடுவாள். போகும் முன் ஒரு தாள் எழுதித் தருவாள். எந்த இரவு எந்தக் குடிசையில், எந்தக் கணவாயை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும், எத்தனை மணி வரை செய்தி இல்லையென்றால் மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கொன்ராடின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்தார். இருபத்திரண்டு வருடமாக, பனிச்சரிவிலோ பிளவிலோ அவளைப் பறிகொடுக்க மனத்தைத் தயார்படுத்தி வைத்திருந்தார். அவளோ நேற்று அடுப்படியில், தராசுக்கு முன்னால், கையில் உப்பிட்ட இறைச்சித் துண்டோடு நின்றுகொண்டே "கொன்ராட், எனக்குத் தலை..." என்றாள். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். யார் மேல் கோபித்துக்கொள்வது? மலை மேல் என்றால் மலையையாவது திட்டலாம்.

அவள் உடம்புக்கு உடை மாற்றும்போதும் சண்டைதான். ஞாயிறு காலை பனியின் தன்மையைப் பார்க்கக் கெர்ட்டியோடு மேல் மேய்ச்சல் நிலம் வரை ஒரு ஓட்டம் போய்வந்தவள், அதே கால்சட்டையோடுதான் விழுந்திருந்தாள். அதைக் கழற்றக் கூடாதென்று கொன்ராட் கதவில் நின்று மறித்தார். கடைசியில் சவப்பெட்டி செய்துகொண்டுவந்த தச்சர் செப் சமரசம் பேசி, கால்சட்டை மேலேயே கறுப்புப் பாவாடையைக் கட்டினார்கள்.

"பரலோக வாசல்ல பேதுரு பாத்தா என்ன நினைப்பாரு?" என்று ஆக்னெஸ் இன்னமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"பேதுரு எதுக்குப் பாவாடையத் தூக்கிப் பாக்கறாரு?"

நாலு மணிக்கு எல்மாரும் கெர்ட்டியும் வந்தார்கள். எல்மார் வனக் காவலர். கெர்ட்டி பள்ளி ஆசிரியை. ரோஸ்விதாவோடு மலைக்குப் போகிறவர்கள் இவர்கள்தான். வாசலில் பூட்ஸைக் கழற்றி, முதுகுப்பைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, கிண்ணத்திலிருந்த தளிரை எடுத்து ரோஸ்விதாவின் மேல் தீர்த்தம் தெளித்தார்கள். கெர்ட்டி விம்மி அழுதாள். எல்மார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பார்த்தார். தரையில் அவருடைய வரிசை அப்படியே இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

"கேளு."

"நாளைலேர்ந்து வெள்ளி வரைக்கும் வானம் சுத்தமா இருக்கு. சனிக்கிழமை தெக்கத்திக் காத்து வந்துரும், பனியெல்லாம் உருகிரும், அப்புறம் இந்த வருஷம் அவ்வளவுதான். அடக்கம் சனிக்கிழமைன்னு கேள்விப்பட்டோம்."

மகள் டோரிஸ் வேலை பார்க்கும் கப்பல் வியாழக்கிழமைதான் கரை சேரும். அவள் வந்து சேர வெள்ளி இரவாகிவிடும். அதுவரை வைத்திருக்க ரோஸ்விதாவை நாளைக் காலை தேவாலயத்தின் குளிர் அறைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

"அதுக்கு?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிருவோம்" என்றாள் கெர்ட்டி. "அவ ஒரு வருஷமா போட்ட திட்டம்ணே. கயிறும் அடுப்பும் எங்க வேணா கிடைக்கும், அதுக்காக வரல. உங்களக் கேக்காமப் போக மாட்டோம்."

கொன்ராடுக்கு மண்டைக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது.

"போயிட்டு வாங்க. தாராளமா போங்க. நான் மறுபடி அந்த ஃபோன் பக்கத்துல உக்காந்து, மணியப் பாத்துப் பாத்துச் சாகணும், அதானே? பொண்டாட்டி செத்தும் அந்த வேலை போகல எனக்கு. இவ்வளவு நாள் நான் பட்டது பத்தாதா? நீங்க அங்க எங்கயாவது புதைஞ்சு போங்க, நான் இங்க இன்னும் ரெண்டு பெட்டி செய்யச் சொல்றேன் செப்கிட்ட!" தரையில் கிடந்த வரிசைகளைக் காட்டினார். "இந்த வீட்டுலேர்ந்து ஒரு ஆணி கூட வெளிய போகாது. நீங்களும் போகக் கூடாது. முடிஞ்சுது."

"சரிண்ணே" என்றார் எல்மார். "போகல."

அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதும் கொன்ராடுக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் கத்த அவரிடம் மிச்சம் இருந்தது.

 கெர்ட்டி மண்டியிட்டு ரோஸ்விதாவின் வரிசையை எடுத்து அவளுடைய பையில் அடுக்க ஆரம்பித்தாள். பையின் மேல் சொருகியிருந்த பட்டியலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். ஆக்னெஸ் நிம்மதியோடு விளக்குமாறு கொண்டுவரப் போனாள். பசைநாடா, கம்பித் துண்டு, உபரிக் கையுறை, மண்வாரி, பனிக்குள் குத்திப் பார்க்கும் கம்பி என்று ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

"சிக்னல் கருவியக் காணோமே" என்றாள் கெர்ட்டி.

சோப்புப் பெட்டி அளவுக் கருவி. மலைக்குப் போகும் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒன்று இருக்கும், அணைக்கும்வரை சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் பனிச்சரிவில் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியின் விசையைத் தேடும் பக்கம் திருப்பிவைத்து, அவருடைய சிக்னலைப் பின்தொடர்ந்து போய்த் தோண்டுவார்கள்.

"கூடத்துல கொக்கியில இருக்கும்" என்றார் கொன்ராட். இல்லை. அலமாரியில் இல்லை. அடுப்படியில் இல்லை. தேடுவதற்கு ஒரு பொருள் கிடைத்ததில் அவருக்கு வேகம் வந்துவிட்டது, இழுப்பறைகளை இழுத்துத் தள்ளினார்.

"அணைக்காம இருந்தா என்னோடது காட்டிரும்" என்று எல்மார் தன் பையிலிருந்து கருவியை எடுத்தார்.

"ரோஸ்விதாவா? அணைக்காமயா?" கெர்ட்டிக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. "நான் ஒரு நாள் மறந்துட்டேன்னு ஒரு வருஷம் பூரா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டாளே அவ!"

எல்மார் விசையைத் திருப்பினார். அது கீச்சிட்டது. திரையில் எட்டு மீட்டர் என்ற எண்ணும் ஒரு அம்புக்குறியும் தெரிந்தன. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடந்தார்கள். ஆறு. முன்னறைக்குள் நுழைந்ததும் நாலரை. அம்பு நேராக நிமிர்ந்தது. எல்மார் நின்றுவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. கொன்ராட் அவர் கையிலிருந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டு, தான் மட்டும் முன்னால் போனார். இரண்டு. ஒன்று. கறுப்புப் பாவாடைக்கு மேலே பிடித்தபோது பூஜ்யம் புள்ளி நாலு என்று காட்டி விடாமல் அலறியது.

விளக்குமாறோடு வந்த ஆக்னெஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் கெர்ட்டி, யாரையும் பார்க்காமல். "வீட்டுக்கு வந்ததும் சாமான் பரப்பற அவசரத்துல மறந்திருக்கா."

"அணைச்சிரலாம்ணே" என்றார் எல்மார் மெதுவாக. "தொடைப் பையில இருக்கும்."

கொன்ராட் பாவாடையை ஓரமாக ஒதுக்கினார். ஆக்னெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜிப்பைத் திறந்து கையை விட்டார். மனைவியின் தொடை மரக்கட்டையாக இருந்தது. கயிற்றுத் துண்டில் கட்டியிருந்த கருவி வெளியே வந்தது. அதன் சின்ன சிவப்பு விளக்கு ஒரு நொடிக்கு ஒரு தடவை மினுங்கியது. நேற்றுக் காலையிலிருந்து அவள் இங்கேதான் இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு அது கேட்கவே இல்லை. அதை நினைத்ததும் நேற்றிலிருந்து வராத அழுகை அவருக்கு வந்துவிட்டது. ஆக்னெஸ் முதுகைத் தடவ வந்தபோது கையை உதறினார்.

கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை.

"இது எத்தனை நாள் ஓடும்?"

எல்மார் எட்டிப் பார்த்தார். "எண்பது சதவீதம் இருக்கு. ஒரு வாரம் தாங்கும்."

கொன்ராட் அதை அப்படியே திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். பாவாடையைச் சரிசெய்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"அண்ணே?"

"காதுல என்ன? எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்குள்ள ரோடு முடியற இடத்துல இருக்கணும்... ஆனா நீங்க..."

"நாலரைக்கு வண்டியோட வரேன். ரெண்டே பேரு போறீங்க, ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தரால மேல இழுக்க முடியாது. அந்தப் பிளவு இருக்கற பனிப்பாளத்து மேல போகாதீங்க."

"சுத்திக்கிட்டுப் போவோம். ஒரு மணி நேரம் கூட ஆகும்" என்றாள் கெர்ட்டி.

"ஆகட்டும். பதினோரு மணிக்குள்ள கணவாயத் தாண்டலைன்னா திரும்பிரணும், அவ எழுதி வச்சிருக்கா. வெயில் ஏறினா சரிவு எல்லாம் கஞ்சியாயிரும்." பேருந்தில் சில்லறை கேட்கும் தொனியிலேயே பேசினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரா தேவாலயத்துக்கு வரணும். குளிக்கறது கிளிக்கறது எல்லாம் அப்புறம். வந்து நீங்க ரெண்டு பேரும் இத அணைக்கணும். நான் அணைக்க மாட்டேன்."

"வந்துருவோம்ணே."

"வந்துருவோம்னுதான் எல்லாரும் சொல்றது. வரலைன்னா இது இப்படியே மண்ணுக்குள்ள போகும், ஞாபகம் வச்சுக்கங்க. அங்க கெடந்து கூப்பிடட்டும் அவ."

 எல்மார் குனிந்து ஆப்பிள் பெட்டியிலிருந்து அடுப்பை எடுத்துத் தன் வரிசையில் வைத்தார். கெர்ட்டி கயிற்றை எடுத்துக்கொண்டாள். மூன்று பேர் சுமையை இரண்டாகப் பிரிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாலாடைக்கட்டிப் பொட்டலங்களில் ஒரு பங்கு மிஞ்சியது. அதை ஆக்னெஸ் வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

ஆறு மணிக்கு ஊர் வந்தது. ஈரக் கம்பளிக் கோட்டு வாடையும் மெழுகுவர்த்தி வாடையும் முன்னறையை நிறைத்தன. முன்வரிசையில் கொன்ராடுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் வரை உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆக்னெஸ் முறைத்ததைக் கண்டுகொள்ளாமல் எழுந்து, எல்மாரின் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கருவியின் விசையைத் தேடும் பக்கம் திருப்பினார். பதினொன்று. வாசல் கேட்டைத் தாண்டினார். பதினெட்டு. பக்கத்து வீட்டுத் தொழுவத்தருகே இருபத்தேழு. கருவியின் கீச்சொலி விட்டுவிட்டு வந்தது. அவர் சாலையோரமாகவே பின்பக்கமாக நடந்தார், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். முப்பத்தைந்து. நாற்பது. இன்னும் ஓரடி வைத்ததும் கீச்சொலி நின்றது, திரையில் ஒன்றும் இல்லை. சட்டென்று முன்னால் வந்தார். நாற்பது.

தாமதமாக ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்த தச்சர் செப் சாலை நடுவே நின்றார்.

"என்னப்பா கொன்ராட், இங்க நின்னுட்டே? உள்ள வரலையா?"

"நீங்க போங்க. நான் வரேன்" என்றார் கொன்ராட். செப் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, மறுபடியும் ஓரடி பின்னால் வைத்தார்.