ஒரே தலைப்பில் இரண்டு கட்டுரைகள்

வெளித் தேர்வாளர் ஆய்வேட்டின் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

"'நான்காம் தேற்றத்தின்படி'ன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கட்டுரையில நாலாம் தேற்றம் என்ன சொல்லுது?"

கரும்பலகை அருகே நின்றிருந்த ஆய்வு மாணவி யோசிக்கவே இல்லை. "அந்த முறை எப்பவுமே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிச்சுடும்னு சொல்லுது சார்."

"சொல்லல." அவர் பையிலிருந்து ஒரு கட்டுரையை உருவி மேஜையில் போட்டார். "உங்க ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல இருக்கற கட்டுரை இதுதான். முப்பத்தெட்டு பக்கம். இதுல நாலாம் தேற்றம் எவ்வளவு நேரம் ஆகும்னு பேசுது. பாதையைப் பத்தி மூச்சு விடல. அதுமட்டுமில்ல, 'எப்பவுமே'ன்னு முன்னாடி தாங்களே சொன்னது சரியில்லைன்னு முன்னுரையில அவங்களே எழுதியிருக்காங்க. ஒண்ணு, நீங்க இதைப் படிக்கவே இல்ல. இல்லைன்னா படிச்சுட்டு மாத்தி எழுதியிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு இருபது நிமிஷம் கழிச்சு வந்து சொல்லுங்க."

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரி. ஏன் வைத்தார்கள் என்று அந்த அறைக்கு அப்போது விளங்கியது. நான்கு வருட உழைப்பு. படிக்காததைப் படித்ததாகக் காட்டினாள் என்று ஒரு வரி அறிக்கையில் ஏறிவிட்டால் பட்டமும் போச்சு, மானமும் போச்சு.

கடைசி வரிசையில் மாணவியின் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அம்மா, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அண்ணன், அண்ணனின் மனைவி. அம்மாவுக்குப் பாடம் புரியவில்லை, முகங்கள் புரிந்தன. "என்னடா, அந்த ஆள் பொண்ணை முறைக்கறான்?" என்று மகனின் தொடையைக் கிள்ளினாள்.

மருமகள் அதற்குள் எழுந்து வாசலைத் தாண்டியிருந்தாள்.

காரணம், அந்த ரெஃபரன்ஸ் லிஸ்ட் அவளுடையது. கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையில் நாற்பது பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு பட்டியல். பதினோராயிரத்து அறுநூறு கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கக் குறி. எழுதுகிறவர் குறியை மட்டும் போட்டால் போதும், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் பட்டியலிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் வேண்டுமானாலும் புதிய கட்டுரையைச் சேர்க்கக் கேட்கலாம். ஆனால் முதல் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் அவள் எதையும் உள்ளே விடமாட்டாள். பதினான்கு வருடமாக அப்படித்தான். முன்பெல்லாம் "மேடம்" என்றவர்கள், நாத்தனார் அங்கே ஆய்வுக்குச் சேர்ந்து "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடத் தொடங்கியதும் மொத்தமாக மாறிவிட்டார்கள். ஓய்வு பெறப் போகிற வழுக்கைப் பேராசிரியருக்குக்கூட அவள் அண்ணிதான்.

மூன்று மூன்று படியாகத் தாவி மேல்மாடி அறைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் உட்காரவும் நேரமில்லை. நின்றபடியே பட்டியலைத் திறந்தாள். பட்டியலில் எதை மாற்றினாலும் தேதியும் காரணமும் பெயரும் ஒரு வரியாகப் பதிவாகும். அந்தக் குறியின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச் மாதம் வந்ததும் கை நின்றது.

'இரண்டு பதிவுகள். ஒரே தலைப்பு, அதே இரண்டு ஆசிரியர்கள். ஒன்றாக்கப்பட்டது. ஜர்னலில் வந்தது வைக்கப்பட்டது.' பக்கத்தில் அவளுடைய பெயர்.

இரண்டு கட்டுரைகளையும் திரையில் அருகருகே திறந்தாள்.

ஒரே கட்டுரை இரண்டு முறை ஏறிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். இல்லை. முதலில் மாநாட்டில் வந்த பன்னிரண்டு பக்கம். ஒன்றரை வருடம் கழித்து, அதே தலைப்பில், தவறு திருத்தி ஜர்னலில் வந்த முப்பத்தெட்டு பக்கம். இரண்டுக்கும் முதல் பக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பக்கத்தை மட்டும் பார்க்கிறவள் மாட்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பொறி கிடையாது. நாத்தனார் படித்தது அலமாரியில் இருந்த மாநாட்டுப் பிரதியை. போட்டது அதன்மேல் எழுதியிருந்த பழைய குறியை. ஒன்றாக்கியபின் அந்தக் குறிக்கு அச்சில் வந்து உட்கார்ந்தது ஜர்னல் கட்டுரை.

பின்னால் செருப்புச் சத்தம். மாணவியின் வழிகாட்டி, மூச்சு வாங்க நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணி?"

"கண்டுபிடிச்சேன் சார். நான்தான்."

அவர் பதிவைப் படித்தார். கதவைச் சாத்தினார். "இதை வெளியில சொல்லாதீங்க. டைப்பிங் மிஸ்டேக்னு அவ சொல்லட்டும். நாற்பது பேர் இந்த லிஸ்ட்டைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பறோம். இது தப்புன்னு அந்தக் கத்தரி காதுல விழுந்தா ஊர் முழுக்கப் போயிடும்."

"டைப்பிங் மிஸ்டேக்னா அவ பொய் சொல்லணும் சார். பொய் சொன்னான்னுதானே அங்க குற்றச்சாட்டே!"

"நீங்க அவளுக்குச் சொந்தம். நீங்க வந்து சொன்னா யாரு நம்புவா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. துறையின் கட்டுரைகள் எல்லாம் கிடக்கும் பொதுச் சேமிப்பில் அந்தக் குறியைத் தேடவிட்டாள். எத்தனை இடத்தில் இந்தத் தவறு போய் உட்கார்ந்திருக்கிறது? திரையில் வரிசை இறங்கியது. ஒன்பது கட்டுரைகள். இரண்டாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் வழிகாட்டியுடையவை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஒன்பதாவது வரியை அவள் இரண்டு முறை படித்தாள். அச்செடுத்தாள்.

இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

அறைக்குள் அவள் நேராக முன்வரிசைக்குப் போனதும் கத்தரி நிமிர்ந்தார். "நீங்க?"

"ரெஃபரன்ஸ் லிஸ்ட்டைப் பாத்துக்கறவ சார். இவளுக்கு அண்ணியும்கூட. அதையும் நானே சொல்லிடறேன், அப்புறம் வேற யாரும் சொல்ல வேண்டாம்." காகிதங்களை நீட்டினாள். "ரெண்டு கட்டுரையை ஒரே கட்டுரைன்னு நினைச்சு ஒண்ணாக்கினது நான். என் தப்பு. இவ படிச்சது இந்தப் பன்னிரண்டு பக்கம். நாலாம் தேற்றம் இதுலதான் இருக்கு."

"அண்ணின்னா காப்பாத்தத்தான் வருவீங்க."

"கண்டிப்பா வருவேன் சார். ஆனா தேதியைப் பாருங்க. இவ அப்போ டிகிரியே முடிக்கல. இவளைக் காப்பாத்த ஆறு வருஷம் முன்னாடியே தப்பு பண்ணி வைக்கற அளவுக்கு நான் கெட்டிக்காரி இல்ல."

பின்வரிசையில் கணவன் களுக்கென்று சிரித்து, அம்மாவிடம் இன்னொரு கிள்ளு வாங்கினான்.

கத்தரி சிரிக்கவில்லை. பதிவையும் பன்னிரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "சரி. நேர்மையில குறையில்ல. ஆனா அந்தத் தேற்றமே தப்புன்னு எழுதினவங்களே சொல்லிட்டாங்களே! உங்க அத்தியாயம் இப்ப எது மேல நிக்குது?"

இதற்கு அண்ணியால் ஒன்றும் செய்ய முடியாது. மாணவி முன்னால் வந்து ஜர்னல் பிரதிக்குக் கை நீட்டினாள். "படிக்கலாமா சார்?"

நின்றபடியே படித்தாள். பத்து நிமிடம். ஒரு பக்கத்தில் அவள் உதடு லேசாக அசைந்ததை அண்ணி கவனித்தாள். கணக்கு பிடிபடும்போது வீட்டிலும் அப்படித்தான் அசையும்.

"ஆறாம் தேற்றமா திரும்ப வந்திருக்கு சார். ஒரு நிபந்தனை சேர்த்திருக்காங்க. எந்த ரெண்டு பாதையும் ஒரே நீளத்துல இருக்கக் கூடாது." சாக்பீஸை எடுத்தாள். "என் முறையில இருக்காது. எழுபத்தொன்பதாம் பக்கம், முதல் படி. சமமா வர்ற நீளங்களை அங்கேயே பிரிச்சுடறேன்."

"நிபந்தனையே தெரியாம ஏன் பிரிச்சீங்க?"

"புரோகிராமை ஓட்டினப்போ, சமமா வந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற விடை வந்தது சார். எனக்கு அது பொறுக்கல."

கத்தரி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். கரும்பலகையைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "அவங்க ஒன்றரை வருஷத்துல கண்டுபிடிச்சதை நீங்க மெஷினோட சண்டை போட்டுக் கண்டுபிடிச்சிருக்கீங்க. குறிப்பைத் திருத்திக் குடுங்க, டாக்டர்."

டாக்டர் என்ற சொல் மட்டும் கடைசி வரிசைக்குப் புரிந்தது. அது போதுமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கைதட்டத் தொடங்கினான், கட்டிடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

கைதட்டல் அடங்கியபோது கத்தரியின் கையில் இன்னொரு காகிதம் இருந்தது. "இது என்னம்மா? ஒன்பது பேர்?"

"என் தப்பால யார் யார் கட்டுரையில தப்பு போயிருக்குன்னு ஒரு கணக்கு சார். ஒன்பது கட்டுரைக்கும் இன்னிக்கே கடிதம் எழுதப் போறேன்."

அவர் விரல் வரிசையில் இறங்கிக் கடைசியில் நின்றது. மறுபடியும் எடுக்கவில்லை.

"நாலு வருஷம் முன்னாடி ரெண்டு மாசம் இங்க வந்து வேலை பாத்தீங்க சார்," என்றாள் அண்ணி தாழ்ந்த குரலில். "எங்க லிஸ்ட்டைத்தான் எடுத்துக்கிட்டீங்க."

"நான்காம் தேற்றம்னா எழுதியிருக்கேன்?"

"பதினேழாம் பக்கம் சார்."

வழிகாட்டி கூரையைப் பார்த்தார். கத்தரியின் கழுத்தில் தொடங்கிய சிவப்பு காது வரை ஏறி, அங்கிருந்து ஒரு சிரிப்பாக உடைந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இதை முதல்லயே என் மூஞ்சில வீசியிருக்கலாமே!"

"வீசியிருந்தா அவ உங்க வெட்கத்துல பாஸான மாதிரி ஆயிருக்கும் சார். அவளுக்கு அது தேவையில்ல."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். மாணவிக்காக எழுந்ததாக வழிகாட்டி நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மேல்மாடி அறையில் நிற்க இடமில்லை. செய்தி எப்படியோ பரவி, பட்டியலை நம்பிய நாற்பது பேரில் பாதி வாசலில் முட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி எல்லோர் எதிரிலும் இரண்டு கட்டுரைகளையும் மறுபடி தனித்தனியாகப் பிரித்தாள். இனிமேல் எந்த இரண்டு பதிவையும் ஒன்றாக்க, இரண்டு பேர் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு விதியும் எழுதினாள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டாள். "ரெண்டாவது ஆளா முதல்ல நான் வரேன்," என்று வழுக்கைப் பேராசிரியர் கூட்டத்தின் பின்னாலிருந்து கை தூக்கினார்.

மாமியார் முழங்கையால் வழி செய்துகொண்டு திரைக்கு அருகே வந்தாள்.

"இதுதானா உன் பட்டியல்?"

"இதுதான் அத்தை."

"இத்தனை பேரோட பேர் போட்டிருக்கே. உன் பேர் எங்க?"

"கட்டுரை எழுதினவங்க பேர்தான் இதுல வரும் அத்தை. என் பேர் இங்க இருக்கு." மாற்றங்களின் பதிவைத் திறந்து காட்டினாள். 'ஆறு வருடம் முன்பு ஒன்றாக்கியது தவறு. தவறு என்னுடையது. இன்று பிரிக்கப்பட்டது.' எதிரே அவள் பெயர்.

மாமியார் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கே," என்றாள். "பெருசாக்கு. பின்னாடி நிக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"